தொடங்கியவர் விலகும் வேளை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வட்டத்தைத் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தம் தோளில் சுமந்த செயலாளர் ஐயா அவர்கள் இவ்விழாவோடு பொறுப்பிலிருந்து விலகுகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் பாராட்டி உரையாற்ற வேண்டும் என்று இளையோர் என்னிடம் கேட்டனர். நான் இசைந்தேன். செய்தி ஐயாவின் செவிக்கு எட்டியதும் தொலைபேசியில் அழைத்தார்கள். "அம்மா, நீங்கள் பேசுங்கள், ஆனால் என்னைப் பற்றிப் பேசாதீர்கள். கேட்பவர்களுக்குப் பயன்படும்படி வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள்" என்றார்கள். பத்தாண்டுகளாக அவர்கள் சொல்லை நாம் யாரும் தட்டியதில்லை. ஆகவே இன்றும் தட்டப்போவதில்லை.

பொதுநலத்திற்கென ஒன்றைத் தொடங்கியவர் அதை விட்டு விலகும்போது என்ன நிகழ்கிறது என்பதே இன்று நம் உள்ளத்தில் இருக்கும் வினா. அவ்வினாவை முன்வைத்து, கடல் கடந்த நாட்டில் கல்வி ஒளிபரப்புத் துறையில் தலைமை தாங்கி, 1990ஆம் ஆண்டு அத்தலைமையைத் தாமே கைமாற்றிக் கொடுத்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜோன் கான்ஸ் கூனி. அமெரிக்கச் சிறுவர்களுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை உருவாக்கிய நிறுவனத்தின் முதல் தலைவர்.

இரு கூனியர்

கம்பனில் தோய்ந்த இவ்வவையில் கூனி என்ற பெயரைச் சொன்னவுடன் சிலர் முகத்தில் முறுவல் தோன்றுவதைக் காண்கிறேன். அமெரிக்க அம்மையாருக்கு அது கணவர் வழி வந்த குடும்பப் பெயர். நம் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் ஓர் ஒப்புமையை என்னால் தவிர்க்க இயலவில்லை. நம் காப்பியத்துக் கூனி, இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக எய்த மண்ணுருண்டையை மறவாதவள். ஒரு குழந்தையின் சிறு செயலை நெஞ்சில் வைத்து, அதிலிருந்து ஒரு பெருந்தீமையை வளர்த்தாள். இந்தக் கூனியும் ஒரு குழந்தையின் சிறு செயலை மறவாதவர். ஆனால் அதிலிருந்து அவர் வளர்த்தது வேறு.

1929ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பிறந்த இவர், 1951இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டம் பெற்றார். சில காலம் நாளிதழ் ஒன்றில் செய்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் நியூயார்க் நகருக்குச் சென்று தொலைக்காட்சி நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். 1962இல் அந்நகரின் கல்வித் தொலைக்காட்சி நிலையத்தில் ஆவணப்பட ஆக்குநராகச் சேர்ந்தார். வறுமையைப் பற்றியும் வறியோர் கல்வியைப் பற்றியும் அவர் எடுத்த படங்கள் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தன. வறிய வீட்டுக் குழந்தை பள்ளியின் வாயிலை மிதிக்கும் முன்னரே பின்தங்கிவிடுகிறது என்னும் உண்மையை அவர் அங்கேதான் கண்டார்.

விருந்தில் எழுந்த வினா

1966ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் இல்லத்தில் சில நண்பர்களுக்கு அவர் விருந்து வைத்தார். விருந்துக்கு வந்தவர்களுள் ஒருவர் லாய்டு மாரிசெட் என்னும் உளவியலறிஞர். கல்விப் பணிகளுக்கு நிதி வழங்கும் கார்னகி அறக்கட்டளையின் துணைத்தலைவர். அவர் தம் வீட்டில் கண்ட ஒரு காட்சியைச் சொன்னார். மூன்று வயதுடைய அவர் மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்கும் முன் திரையில் தோன்றும் வெறுங்கோட்டுச் சித்திரத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாளாம். விளம்பரப் பாடல்களை அவள் மனப்பாடமாக ஒப்பித்தாளாம். இதைச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சியைக் கொண்டு சிறு குழந்தைகளுக்கு எதையேனும் கற்பிக்க முடியுமா என்று மாரிசெட் கேட்டார். 'எனக்குத் தெரியாது, ஆனால் பேசிப் பார்க்கலாம்' என்னும் கருத்துப்பட கூனி விடையிறுத்தார்.

அந்த விடையை நான் பெரிதும் மதிக்கிறேன். 'முடியும்' என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு விற்பனையாளராகியிருப்பார். 'முடியாது' என்று சொல்லியிருந்தால் அன்றைய கல்வியாளர் பலருள் ஒருவராகியிருப்பார். தெரியாது என்று ஒப்புக்கொண்டதால் தேடத் தொடங்கினார். கார்னகி அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் பயணம் செய்து, குழந்தை உளவியலறிஞர், ஆசிரியர், ஒளிபரப்பாளர் எனப் பலரைக் கண்டு உரையாடி, பள்ளிக்கு முந்திய கல்வியில் தொலைக்காட்சியின் பயன் குறித்து ஓர் அறிக்கை அளித்தார்.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. 1961ஆம் ஆண்டிலேயே ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவராயிருந்த நியூட்டன் மினோ, தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று பழித்துரைத்திருந்தார். 1967 நவம்பரில் பொது ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. பெரும்பாலும் வணிகர் கையில் இருந்த கருவியில் மக்கள் பணத்திற்கும் ஓர் இடம் உண்டு என்பது சட்டமாயிற்று. 1968 மார்ச்சுத் திங்களில், ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் நிதியோடு, சிறுவர் தொலைக்காட்சிப் பட்டறை என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நிறுவனம் அறிவிக்கப்பெற்றது. நிதியில் ஏறக்குறையச் சரிபாதி நடுவண் அரசு தந்தது. எஞ்சியதைக் கார்னகி, ஃபோர்டு முதலிய அறக்கட்டளைகள் தந்தன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திட்டம் கூனியினுடையது, அறிக்கை கூனியினுடையது. ஆனால் தலைமைப் பொறுப்பை யாருக்கு அளிப்பது என்ற பேச்சு எழுந்தபோது, நிதி வழங்குவோர் சிலர் தயங்கினர். ஒரு பெண்ணை நம்பி இவ்வளவு பணத்தை ஒப்படைப்பதா என்பது தயக்கத்தின் உட்பொருள். ஆடவர் சிலர் பெயரும் ஆராயப்பட்டது. இரண்டாம் நிலையில் பணியாற்றத் தமக்கு விருப்பமில்லை என்று கூனி தெளிவாகச் சொல்லிவிட்டார். இறுதியில் பொறுப்பு அவரிடமே வந்தது. கல்லூரிகளிலும் அமைப்புகளிலும் 'திட்டத்தை அம்மா எழுதட்டும், தலைமையை ஐயா ஏற்கட்டும்' என்று பேசப்படுவதைக் கேட்டுப் பழகிய என் போன்றோர்க்கு, 1968இல் அவர் சொன்ன அந்த மறுப்பு ஒரு பாடமாகவே படுகிறது.

குழந்தையின் கண்

1968ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்டுப் பேராசிரியர் ஜெரால்டு லெஸ்ஸர் தலைமையில் கருத்தரங்குகள் நடந்தன. உளவியலறிஞரும் ஆசிரியரும் ஒருபுறம். எழுத்தாளரும் ஓவியரும் பொம்மலாட்டக் கலைஞரும் மறுபுறம். இவ்விரு திறத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து, எழுத்து, எண், வேறுபாடு காணுதல், பிறரோடு பழகுதல் என எவற்றைக் கற்பிப்பது என்று வரையறுத்தனர். ஜிம் ஹென்சன் என்னும் பொம்மலாட்டக் கலைஞரும் அவர்தம் 'மப்பெட்' பொம்மைகளும் இம்முயற்சியில் இணைந்தது இக்காலத்தேதான்.

வரையறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. குழந்தை உண்மையிலேயே பார்க்கிறதா என்று அறிய எட்வர்டு பால்மர் என்ற ஆய்வாளர் ஓர் எளிய வழி கண்டார். குழந்தையின் எதிரே தொலைக்காட்சிப் பெட்டியில் நிகழ்ச்சி ஓடும். அதன் பக்கத்திலேயே வேறொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒன்றாக வண்ணப்படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குத் தாவுகிறது என்பதை ஒருவர் அமர்ந்து குறித்துக்கொண்டே இருப்பார். கண் தாவிய இடத்தில் நிகழ்ச்சி தோற்றது என்று பொருள். அவ்விடத்தைத் திருத்துவர், இல்லையேல் நீக்குவர்.

ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்னும் நடிகர் ஆங்கில நெடுங்கணக்கை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொல்லும் காட்சி ஒன்று எடுக்கப்பட்டது. எழுத்து முதலில் திரையில் தோன்றும். சற்று இடைவெளி விட்டே அவர் அதன் பெயரைச் சொல்வார். முதன்முறை பார்த்த குழந்தைகள் அவர் சொன்ன பிறகு திருப்பிச் சொன்னார்கள். மீண்டும் பார்த்தபோது எழுத்து தோன்றியவுடன், அவர் வாய் திறக்கும் முன்பே சொன்னார்கள். பின்னும் பார்த்தபோது எழுத்து தோன்றுவதற்கு முன்பே அடுத்தது எது என்று கூவினார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசான் சொல்ல மாணாக்கர் சொன்ன முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்த இடைவெளிதான் வேறுபாடு. ஆசிரியர் பேசாமல் இருந்த அந்த நொடியில்தான் குழந்தை கற்றது.

1969 சூலைத் திங்களில் ஐந்து மாதிரி நிகழ்ச்சிகள் குழந்தைகளுக்குக் காட்டப்பெற்றன. கற்பனைப் பொம்மைகளையும் உண்மை மாந்தரையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தைகள் குழம்பிவிடுவர் என்று உளவியலறிஞர் கூறியிருந்ததால், தெருக் காட்சிகளில் மனிதர் மட்டுமே இடம்பெற்றிருந்தனர். விளைவு என்ன? பொம்மைகள் வந்தபோது ஒட்டியிருந்த கண்கள், தெருக் காட்சி வந்ததும் விலகின. அறிஞர் சொல் ஒருபுறம். குழந்தையின் கண் மறுபுறம். கூனியின் குழுவினர் குழந்தையின் பக்கம் நின்றனர். தெருவிலேயே வாழும் பெரும்பறவையும், குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் பிறந்தது இவ்வாறுதான். 1969 நவம்பர் 10ஆம் நாள் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. முதற் பருவத்தில் மட்டும் 130 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

வந்த எதிர்ப்புகள்

அந்தத் தெரு, நகரத்தின் எளிய மக்கள் வாழும் தெரு. அதில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். இதுவே சிலருக்குப் பொறுக்கவில்லை. 1970 மே மாதத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் இந்நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை என்று முடிவு செய்தது. செய்தி வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழவே, 22 நாட்களில் அம்முடிவு கைவிடப்பட்டது.

மறுபுறத்திலிருந்தும் குறைகள் வந்தன. இந்தத் தெருவில் பெண்களுக்கு என்ன வேலை என்று மகளிர் அமைப்பினர் கேட்டனர். எங்கள் மக்கள் எங்கே என்று இலத்தீன் அமெரிக்க வழியினர் கேட்டனர். 1971இல் மரியா, லூயிஸ் என்னும் பாத்திரங்கள் தெருவில் குடியேறின. கேட்கப்பட்ட கேள்விகளைப் பகையாகக் கொள்ளாமல் திருத்தமாகக் கொண்டதை இதில் காண்கிறோம்.

இவற்றினும் கூரிய குறை ஒன்று ஆய்வுலகிலிருந்து வந்தது. நிகழ்ச்சியை மிகுதியாகப் பார்த்த குழந்தைகள் மிகுதியாகக் கற்றனர் என்று 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளியான கல்வித் தேர்வு நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. ஆனால் தாமஸ் குக் என்பாரும் உடன் ஆய்வாளரும் அதே தரவுகளை மீளாய்ந்து 1975இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆய்வுக்குட்பட்ட வீடுகளுக்கு ஆட்கள் சென்று, பார்க்குமாறு ஊக்கப்படுத்தியிருந்தனர். கற்றலில் ஒரு பங்கு அவ்வூக்கத்தால் வந்தது என்று அவர்கள் காட்டினர். அத்தோடு, வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளும் இதே நிகழ்ச்சியைப் பார்க்கின்றன, அவையும் கற்கின்றன, ஆகவே ஏழைக்கும் செல்வனுக்கும் இடையிலுள்ள தொலைவு குறையாமல் கூடவும் செய்யலாம் என்றனர்.

இக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. எவருக்காகத் தொடங்கினோமோ அவரினும் மற்றவர்க்கே மிகுதியாகப் பயன்படுவது பொதுப்பணிகள் பலவற்றுக்கும் நேரும் விபத்து. நூலகம் திறந்தால் முதலில் நுழைபவன் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவன்தானே! ஆயினும் காலம் கடந்து வேறொரு சான்றும் கிடைத்தது. மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலத்தில் அலைவரிசை வேறுபாட்டால் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு இந்நிகழ்ச்சி சரியாகக் கிட்டவில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டனர். தெளிவாகக் கிட்டிய பகுதியில் வளர்ந்த குழந்தைகள் வயதுக்குரிய வகுப்பில் பயிலும் வாய்ப்பு உயர்ந்திருந்தது. பின்தங்கிய பகுதிகளில் அப்பயன் மிகுதியாகவே இருந்தது. வளர்ந்த பிறகு அவர்கள் வாழ்வில் நிலைத்த பயன் பற்றி அவ்வளவு தெளிவான முடிவு கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீல் போஸ்ட்மன் எழுப்பிய மறுப்பு வேறு வகையினது. இந்நிகழ்ச்சி குழந்தையைப் பள்ளியின்பால் ஈர்க்கவில்லை; பள்ளியும் தொலைக்காட்சி போல இருந்தால் மட்டுமே விரும்பக் கற்பிக்கிறது என்று 1985இல் அவர் எழுதினார். வகுப்பில் நிற்பவள் என்ற முறையில் இம்மறுப்பின் வலியை நான் உணர்கிறேன். இலக்கணத்தில் ஒரு நூற்பாவை அரைமணி நேரம் பொறுமையாக நின்று ஆராய வேண்டிய இடம் உண்டு. அங்கே பொம்மை வராது.

ஆனால் என் குறையையும் நான் மறைக்கலாகாது. 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கணினித் திரைக்கு முன் அமர்ந்து மாதக்கணக்கில் பாடம் நடத்தினேன். திரையில் மாணவர் முகங்கள் இல்லை. கறுத்த கட்டங்களும் பெயர்களுமே இருந்தன. தொகைநிலைத் தொடர்களை நன்றாகவே விளக்கினேன் என்று நினைத்திருந்தேன். கல்லூரி திறந்த பின் ஒரு மாணவி வந்து, தன் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் என்றும், பகலில் அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் என்றும், என் வகுப்புகளில் பெரும்பாலானவற்றை அவள் கேட்கவே இல்லை என்றும் சொன்னாள். நான் ஒருமுறையும் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. நம் மாநிலத்திலும் 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்று, அப்பெருந்தொற்றுக் காலத்தில் அதன் வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. அவற்றை ஆக்கியோர் பட்ட பாடு பெரிது. எனினும் மறுமுனையில் பார்க்கும் கண்ணை எண்ணிக் குறிக்க ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற எண்ணம் என் போன்ற ஆசிரியர்க்கு எழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பால்மரின் ஏழரை நொடிப் படங்களைப் பற்றி நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

சாவைச் சொன்ன நாள்

கூனி அம்மையாரின் தலைமையில் நிகழ்ந்தவற்றுள் என்னை மிகவும் நெகிழ்வித்தது ஒன்றுண்டு. தெருவின் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொரு நடிகரை அமர்த்தியிருக்கலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். குழுவினர் உளவியலறிஞரோடு கலந்து ஆராய்ந்து, உண்மையையே சொல்வது என முடிவு செய்தனர். 1983 நவம்பர் 24ஆம் நாள், நன்றி நவிலும் விடுமுறையன்று, பெற்றோரும் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. பெரும்பறவை தன் நண்பர் ஒவ்வொருவரின் உருவத்தையும் வரைந்து வந்து பரிசளிக்கிறது. ஹூப்பரின் படத்தை அவரிடம் கொடுக்க விரும்புகிறது. அவர் இறந்துவிட்டார், இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 'தூங்குகிறார்' என்றோ 'பயணம் போயிருக்கிறார்' என்றோ சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் குழந்தை தூங்கவும் பயணத்துக்கும் அஞ்சும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தனர்.

நாம் இழவு வீட்டில் குழந்தைகளை அப்பால் அழைத்துச் செல்கிறோம்; 'தாத்தா சாமிகிட்டே போயிட்டாங்க' என்கிறோம். நம் வழக்கைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. குழந்தைக்கு உண்மையைத் தாங்கும் ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையே கல்வியின் அடித்தளம் என்பதைச் சுட்டவே சொல்கிறேன்.

விலகல்

இனி விலகலுக்கு வருவோம். அரசின் நிதி படிப்படியாகக் குறைந்து, 1980களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. பொம்மைகளையும் நூல்களையும் விற்று வரும் வருவாயைக் கொண்டு நிறுவனத்தைக் கூனி காத்தார். வணிகத்தின் கையிலிருந்து குழந்தையை மீட்கப் புறப்பட்டவர் வணிகத்தின் துணையையே நாட நேர்ந்தது. இது ஒரு முரண்தான். அம்முரணோடு வாழக் கற்றதால்தான் நிறுவனம் பிழைத்தது.

1990ஆம் ஆண்டு, இருபதாண்டுகளுக்கு மேலாகத் தாங்கிய தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை, நெடுங்காலம் தமக்கு வலக்கையாக இருந்த டேவிட் பிரிட்டிடம் கூனி ஒப்படைத்தார். அதே ஆண்டு மே 16ஆம் நாள் ஜிம் ஹென்சன் திடுமென மறைந்தார். நிறுவனத்தின் அறிவுக்கு ஒருவரும் கலைக்கு ஒருவரும் என இரு தூண்களாக நின்றவர்கள். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார். இனி இது நிற்குமா என்று ஐயுற்றோர் பலர் இருந்திருப்பர்.

திருக்குறளில் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. தக்காரைத் தேர்ந்து அவர்பால் வினையை ஒப்படைப்பதைப் பற்றியது அது. தேர்ந்து தெளிந்த பின் குறுக்கிடாது ஒப்படைத்து விடுவதே அதன் அரிய பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. கூனி நிறுவனத்தை விட்டு ஓடிவிடவும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நடத்தவும் இல்லை. ஆட்சிக் குழுவின் பொறுப்பில் அமர்ந்து, படைப்புப் பணிகளில் மிகுதியாக ஈடுபட்டார். நாள்தோறும் ஆணையிடும் இடத்தை மற்றவர்க்கு விட்டார்.

பின் என்ன நேர்ந்தது? 1990களில் வேறு சிறுவர் நிகழ்ச்சிகள் பல வந்தன. பார்ப்போர் தொகை குறைந்தது. அப்போது புதிய தலைமுறையினர், கூனி காலத்து வடிவத்தையே ஆய்வுக்கு உட்படுத்தினர். துண்டு துண்டான சிறு காட்சிகளே குழந்தையை ஈர்க்கும் என்பது 1969ஆம் ஆண்டின் முடிவு. தொடர்ச்சியான கதையையும் சிறு குழந்தை நெடுநேரம் பின்பற்றும் என்பது பிற்காலத்து ஆய்வின் முடிவு. ஆகவே 1998இல் எல்மோ என்னும் பொம்மையை மையமாகக் கொண்ட நீண்ட பகுதி சேர்க்கப்பட்டது. 2002இல் நிகழ்ச்சியின் கட்டமைப்பே மாற்றப்பட்டது. தொடங்கியவர் கட்டிய வீட்டின் சுவர்களை அவர் கண்ணெதிரிலேயே இடித்துக் கட்டினார்கள் எனலாம். ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு இடித்தார்கள்? அவர் கையளித்த அதே அளவுகோல்தான்: குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்பது.

நான் இன்று சொல்ல வந்த கருத்து இதுவே. நிறுவனர் விட்டுச் செல்லும் வடிவத்தைக் காப்பது பின்வருவோர் கடமையன்று. அவர் கேட்ட கேள்வியைக் காப்பதே கடமை.

அக்கேள்வியைக் காப்பது எளிதன்று என்பதையும் பிற்காலம் காட்டியது. 2015இல் நிதி நெருக்கடியின் காரணமாகக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றோடு உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. அதன்படி 2016 முதல் புதிய நிகழ்ச்சிகளைப் பணம் செலுத்துவோர் முதலில் பார்த்தனர். பொதுத் தொலைக்காட்சியில் காணும் குழந்தை ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழைக் குழந்தைக்கென எழுந்த தெருவில் ஏழைக் குழந்தை கடைசி வரிசையில் நின்றது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட நெட்ஃபிளிக்ஸ் உடன்பாட்டில், புதிய நிகழ்ச்சிகள் பொதுத் தொலைக்காட்சியிலும் அதே நாளில் வெளிவரும் என்று ஏற்பாடு செய்தனர். காத்திருப்பு நீங்கியது. ஆனால் அதே ஆண்டு சூலையில், பொது ஒளிபரப்புக்கென இரண்டாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பொது ஒளிபரப்புக் கழகம், தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அடுத்த மாதமே அறிவித்தது. எந்த நிலத்தில் கூனி விதைத்தாரோ அந்த நிலத்தின் வேலியே அகன்றது. பொதுப்பணி என்பது ஒருமுறை வென்றெடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1995இல் அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான குடியரசுத் தலைவர் விடுதலைப் பதக்கம் கூனிக்கு அளிக்கப்பெற்றது. 2007இல் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. குழந்தைகள் புதிய கருவிகளின் வழி எவ்வாறு கற்கின்றனர் என்று ஆராய்வதே அதன் பணி. சிலை வைக்காமல் அவர் பெயரில் ஒரு கேள்வியை வைத்தார்கள் என்பது பொருத்தமே.

நிறைவாக

அன்பர்களே, நம் வட்டம் சிறியது. மாதம் ஒரு கூட்டம், நாற்பது நாற்காலி, ஒரு கூஜாத் தண்ணீர். எண்பது இலட்சம் டாலரோடு இதை ஒப்பிடுவது நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும் தொடங்கியவர் விலகும் வேளையில் எழும் கலக்கம் சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே.

என்னைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஐயா அவர்கள் சொன்னார்கள், பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பின்வரிசையில், கதவருகே அமர்ந்து, யார் எந்த நேரத்தில் எழுந்து போகிறார்கள் என்று ஒருவர் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பேச்சு நீண்டுவிட்ட திங்களுக்கு அடுத்த திங்கள் நேரம் குறைக்கப்படும்; மாணவர் எழுந்து போன திங்களுக்கு அடுத்த திங்கள் மாணவர் ஒருவர் மேடையேறுவார். இது எவ்வாறு நிகழ்கிறது என்று நாம் கேட்டதில்லை. அந்தக் குறிப்பேட்டைப் புதிய செயலாளரிடம் அவர் ஒப்படைக்க வேண்டும் என்பது என் ஒரே வேண்டுகோள். கூட்டம் நடத்தும் முறையைப் புதியவர் மாற்றட்டும், நாளை மாற்றட்டும், இடத்தையும் மாற்றட்டும். கதவருகே ஒருவர் அமர்ந்து பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

இவ்வுரையின்போது எத்தனை பேர் எழுந்து சென்றார்கள் என்பது அக்குறிப்பேட்டில் இருக்கும். அதை எனக்கும் சொல்லியருள வேண்டும் என்று கேட்டு, அமைகின்றேன்.